பழைய கட்டடத்தை இடிக்கும் முன்: திண்டுக்கல் மக்கள் பார்க்க வேண்டியவை

திண்டுக்கல்லில் ரத வீதிகளிலோ, நாகல் நகரிலோ, பேகம்பூரிலோ ஒரு பழைய வீடு கைமாறினால், அக்கம்பக்கத்தில் முதலில் எழும் கேள்வி "எப்ப இடிக்கப் போறாங்க?" என்பதுதான். இடம் குறுகல், வாகனம் நிறுத்த வசதி இல்லை, மழைக்கு ஒழுகுகிறது, கீழே கடை கட்டினால் வாடகை வரும். இப்படிக் காரணங்கள் பல. அவற்றில் பெரும்பாலானவை நியாயமானவையே. நகரம் வளர வேண்டும், மக்களுக்குப் பாதுகாப்பான வீடும் வருமானமும் வேண்டும்.

ஆனால் இடித்த கட்டடத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதைவிட முக்கியமாக, இடித்த பிறகுதான் "இங்க புதுசா கட்ட அனுமதி கிடையாது" என்றோ, "முன்பு இருந்த அளவுக்குக் கட்ட முடியாது" என்றோ தெரிய வந்தால், குடும்பத்தின் சேமிப்பே சிக்கிக்கொள்ளும். எனவே கடப்பாரையை எடுப்பதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும், எங்கே சரிபார்க்கலாம், இடிப்பதற்கும் அப்படியே விடுவதற்கும் நடுவில் என்ன வழிகள் உண்டு என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

எவையெல்லாம் 'பழைய கட்டடம்'?

பாரம்பரியம் என்றதும் நமக்கு மலைக்கோட்டைதான் நினைவுக்கு வரும். மதுரை நாயக்கர்கள் கட்டி, பின்னர் ஐதர் அலி, திப்பு சுல்தான், ஆங்கிலேயர் எனப் பலர் கைக்கு மாறிய கோட்டை அது. இன்று மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. ஐதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் பெயரால் அமைந்த பேகம்பூரும், அங்குள்ள பெரிய பள்ளிவாசலும், 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித வளனார் பேராலயமும் எல்லோருக்கும் தெரிந்தவை.

இவற்றைத் தவிர நகரத்தின் அன்றாட வாழ்க்கையைச் சொல்லும் கட்டடங்களும் உண்டு. திண்டுக்கல் 1866-லேயே நகராட்சி ஆன ஊர். 1875-ல் திருச்சி - மதுரை ரயில் பாதை வந்தது. தோல் பதனிடுதல், பூட்டு, சுருட்டு, நெசவு என்று தொழில்கள் வளர்ந்தன. ஸ்பென்சர் நிறுவனத்தின் சுருட்டுத் தொழிலை நினைவூட்டும் 'ஸ்பென்சர் காம்பவுண்ட்' என்ற பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இந்தக் காலத்தில் எழுந்த திண்ணை வீடுகள், முற்றம் வைத்த வீடுகள், கீழே கடையும் மேலே குடியிருப்புமாக அமைந்த கட்டடங்கள், சுண்ணாம்புச் சுவரும் தேக்கு உத்தரமும் மெட்ராஸ் டெரஸ் தளமும் கொண்டவை.

மூன்றாவது வகையைத்தான் நாம் அதிகம் கவனிப்பதில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு, 1950 முதல் 1980 வரை எழுந்த கான்கிரீட் கட்டடங்கள் அவை. அலங்காரம் இல்லாத நேர்கோட்டு முகப்பு, வளைந்த பால்கனி, நீண்ட சன்ஷேடு, காற்று வருவதற்கான சிமென்ட் ஜாலி, மொசைக் தரை, அகலமான மாடிப்படி ஆகியவை இவற்றின் அடையாளம். இதை 'நவீனத்துவக் கட்டடக்கலை' என்பார்கள். பள்ளி, அலுவலகம், வங்கி, திரையரங்கு, மருத்துவமனை, சாதாரண வீடு என எல்லாவற்றிலும் இந்தப் பாணி வந்தது. "இது என்ன, வெறும் கான்கிரீட் பெட்டிதானே" என்று தோன்றலாம். ஆனால் மின்விசிறிகூட எல்லா வீட்டிலும் இல்லாத காலத்தில், வெயிலையும் காற்றையும் கணக்குப் போட்டுக் கட்டியவை அவற்றில் பல.

இந்த மூன்று வகைக்கும் சட்டம் ஒரே மாதிரி இல்லை. முதல் வகைக்குப் பலமான பாதுகாப்பு உண்டு. இரண்டாவதற்கு, பட்டியலில் இருந்தால் மட்டும். மூன்றாவதற்குப் பெரும்பாலும் எதுவும் இல்லை. இதன் விளைவை டெல்லியில் பார்க்கலாம். பிரகதி மைதானத்தில் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவாலும் கட்டமைப்புப் பொறியாளர் மகேந்திர ராஜும் உருவாக்கி, 1972-ல் திறக்கப்பட்ட 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' உலக அளவில் பாராட்டப்பட்ட கான்கிரீட் அரங்கு. புதிய கண்காட்சி வளாகத்துக்காக அது 2017 ஏப்ரலில் ஓர் இரவில் இடிக்கப்பட்டது. பாரம்பரியத் தகுதிக்கு 60 ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்று கணக்கு வைத்தார்கள், அரங்குக்கு வயது 45 தான். அதே காலத்தில் எழுந்த சென்னை எல்.ஐ.சி. கட்டடத்தின் கதை வேறு. 1959-ல் திறக்கப்பட்ட அது 1975-ல் தீ விபத்துக்கு உள்ளானது. ஆனாலும் பழுதுபார்க்கப்பட்டு, இன்றும் அலுவலகமாகவே இயங்குகிறது. ஒரு கட்டடம் நிலைப்பதற்குச் சட்டத்தைவிட, அது தொடர்ந்து பயன்பாட்டில் இருப்பதே பெரிய பாதுகாப்பு.

முதல் கேள்வி: நம்ம இடம் எங்க இருக்கு?

திண்டுக்கல் நகரில் வீடு, மனை வாங்குபவர்களும் பழைய வீட்டை இடித்துக் கட்ட நினைப்பவர்களும் முதலில் பார்க்க வேண்டியது, பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதைத்தான்.

1958-ஆம் ஆண்டின் தொல்பொருள் நினைவுச்சின்னங்கள் சட்டம், 2010-ல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி இரண்டு வளையங்களை வரையறுக்கிறது.

• பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. இங்கே புதிய கட்டுமானத்துக்கு அனுமதி கிடையாது. ஏற்கெனவே இருக்கும் வீட்டின் மேல் மாடி எடுப்பதும், பக்கவாட்டில் நீட்டிப்பதும் புதிய கட்டுமானமாகவே கருதப்படும். 1992 ஜூன் 16-க்கு முன்பிருந்தே உள்ள கட்டடமாக இருந்தால், பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் விண்ணப்பித்து அனுமதி பெறலாம்.

• அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. இங்கே புதிதாகக் கட்டலாம், இடித்துக் கட்டலாம், பழுதுபார்க்கலாம். ஆனால் எதற்கும் முன் அனுமதி வேண்டும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. 100 மீட்டருக்குள் உள்ள பழைய வீட்டை முழுதாக இடித்துவிட்டால், பழுதுபார்க்க என்று கேட்பதற்கு அங்கே கட்டடமே இருக்காது. காலி மனைதான் மிஞ்சும். அதில் புதிதாகக் கட்ட முடியாது. ஆக, அந்த வளையத்துக்குள் பழைய வீட்டைப் பேணுவது பாரம்பரிய ஆர்வம் மட்டும் அல்ல, சொத்தைக் காப்பாற்றும் வழியும் அதுதான்.

அனுமதி இல்லாமல் கட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். "மாநகராட்சியில் பிளான் அப்ரூவல் வாங்கிட்டேனே" என்பது இதற்குப் பதில் ஆகாது. இரண்டும் தனித்தனி அனுமதிகள்.

தூரத்தை நாமே டேப் பிடித்து அளப்பதும், புரோக்கர் வாய்மொழியாகச் சொல்வதும் செல்லாது. தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் தடையின்மைச் சான்று இணையதளமான நோவாப்ஸ் வழியாக விண்ணப்பிக்கலாம். இஸ்ரோவின் உதவியுடன் உருவான 'ஸ்மாரக்' செயலியில், மனையின் மூலைகளில் நின்று இருப்பிடத்தைக் குறித்தால் எந்த வளையத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். சட்டப்படி, விண்ணப்பம் வந்த 15 நாட்களுக்குள் தகுதிவாய்ந்த அதிகாரி அதை ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் 2 மாதத்தில் பரிந்துரை தர வேண்டும். பிறகு ஒரு மாதத்தில் முடிவைத் தெரிவிக்க வேண்டும். எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே நான்கு மாதத்தை இதற்காக ஒதுக்கி வையுங்கள்.

மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்கு 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் பொருந்தும். பாரம்பரியக் கட்டடங்களுக்கெனத் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் இயற்றப்பட்டது. இந்தப் பட்டியல்கள் எதிலும் உங்கள் கட்டடம் இல்லை என்றால், சட்டத்தின் பார்வையில் அது சாதாரணக் கட்டடம். அதைக் காப்பதா, மாற்றுவதா என்பது உரிமையாளரின் முடிவு.

இரண்டாவது கேள்வி: உண்மையிலேயே ஆபத்தா?

"ரொம்பப் பழசு, எப்ப வேணாலும் விழுந்துடும்" என்று சொல்லித்தான் பெரும்பாலான இடிப்புகள் தொடங்குகின்றன. பாதுகாப்பு விஷயத்தில் சமரசம் கூடாது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர்கள் மூவர் உயிரிழந்ததை மறக்க முடியாது. அதன் பிறகு மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்கள் ஆய்வு செய்யப்பட்டு, பழுதடைந்தவை அகற்றப்பட்டன.

அதே நேரம், வயதும் ஆபத்தும் ஒன்றல்ல. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் சரிந்து 61 பேரைப் பலி வாங்கிய 11 மாடிக் கட்டடம், அப்போதுதான் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் இடிந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு 30 வயதுகூட ஆகவில்லை. அங்கே முன்கூட்டியே விரிசலைக் கவனித்து மக்கள் வெளியேறியதால் உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டது. நூறு வயதுச் சுண்ணாம்புக் கட்டடம் உறுதியாக இருக்கலாம், முப்பது வயதுக் கான்கிரீட் வலுவிழந்திருக்கலாம். எனவே வயதை வைத்து அல்ல, சோதனை செய்துதான் முடிவெடுக்க வேண்டும்.

சுண்ணாம்புச் சுவர் வீடுகளில் முக்கிய எதிரி ஈரம். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை இழுத்து வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். சுவர் உப்புப் பூத்து உதிரும். "பழைய சுவர், தாங்கல" என்று நாம் நினைப்பது பல நேரம் புதிய சிமென்ட் பூச்சு செய்த வேலை. மொட்டை மாடியில் தண்ணீர் தேங்குவது, அடைத்த வடிகுழாய், சுவரில் முளைத்த அரசங்கன்று, சுவருக்குள் பதிந்திருக்கும் உத்தர முனையில் கரையான் ஆகிய நான்கையும் ஆண்டுதோறும் மழைக்கு முன் பார்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

1960, 70-களின் கான்கிரீட் கட்டடங்களில் சிக்கல் வேறு. காற்றிலுள்ள கரியமில வாயு பல ஆண்டுகளில் மெல்ல மெல்லக் கான்கிரீட்டுக்குள் இறங்கி, கம்பிக்கு இருந்த பாதுகாப்பைக் குறைக்கிறது. ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் கம்பி போகும் வழியிலேயே விரிசல் விட்டு, ஜல்லி பெயர்ந்து விழும். சன்ஷேடு, பால்கனி, கழிப்பறைத் தளம் ஆகியவற்றில்தான் இது முதலில் தெரியும். ஆரம்பத்திலேயே பிடித்தால், பழுதான பகுதியை வெட்டி எடுத்து, துருவைத் தேய்த்துச் சுத்தம் செய்து, துருத்தடுப்புப் பூச்சும் சிறப்புக் கலவையும் போட்டுச் சரி செய்யலாம். கம்பியின் கனமே குறைந்துவிட்டிருந்தால் புதிய கம்பி சேர்த்துப் பலப்படுத்த வேண்டும். தூண்களும் பீம்களும் பெருமளவு கெட்டுப்போயிருந்தால், பழுதுபார்க்கும் செலவு புதிதாகக் கட்டும் செலவை நெருங்கிவிடும். அப்போது இடிப்பதே சரியான முடிவு, அதில் தயக்கம் வேண்டாம்.

உங்கள் போனை வைத்தே செய்யக்கூடிய ஒரு சோதனை இது. விரிசலின் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, தேதி தெரியும்படி படம் எடுங்கள். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மாதம் ஒருமுறை அதே இடத்திலிருந்து மீண்டும் எடுங்கள். அகலமும் நீளமும் மாறாமல் இருந்தால் பழைய விரிசல். வளர்ந்துகொண்டே போனால், கதவு ஜன்னல்கள் திடீரென்று சிக்கினால், தளம் தொய்ந்தால், காத்திருக்காமல் அந்தப் பகுதியைக் காலி செய்துவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள்.

பொறியாளரின் அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். கொத்தனார் தட்டிப் பார்த்துச் சொல்வது ஒரு குறிப்புதான், அது சான்று ஆகாது. கான்கிரீட்டின் வலுவை ரீபவுண்ட் ஹாமர், அல்ட்ராசோனிக் சோதனைகளால் ஓரளவு கணிக்கலாம். சந்தேகம் இருந்தால் சிறு உருளை மாதிரி எடுத்துச் சோதிக்கலாம். ஒரே ஆள் 'இடிக்கணும்' என்றும் சொல்லி, புதுக் கட்டடக் கான்ட்ராக்டும் கேட்டால், வேறொரு பொறியாளரிடம் இரண்டாவது கருத்து வாங்குவது நல்லது.

மூன்றாவது கேள்வி: இடிச்சா லாபம்தானா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 அடி அகலம், 60 அடி நீளம் கொண்ட மனை, அதாவது 1,200 சதுர அடி. பழைய வீடு தெருவை ஒட்டி, இரு பக்கச் சுவரும் பக்கத்து வீடுகளோடு ஒட்டி நிற்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ன்படி, உயரமில்லாக் கட்டடங்களுக்கு அடிப்படைத் தளப்பரப்புக் குறியீடு 2. அப்படியானால் 2,400 சதுர அடி வரை கட்டலாம் என்று காகிதத்தில் கணக்கு வரும்.

ஆனால் புதிய கட்டடம் என்றதும், சாலையின் அகலத்தைப் பொறுத்து முன்பக்கமும், தேவைப்படும் இடங்களில் பக்கவாட்டிலும் பின்பக்கமும் இடம் விட வேண்டும். வாகன நிறுத்தத்துக்கு இடம் ஒதுக்க வேண்டும். கடையோ அலுவலகமோ என்றால் அந்தத் தேவை மேலும் கூடும். தொடர் கட்டடப் பகுதி என்று வகைப்படுத்திய இடங்களில் பக்கவாட்டு இடைவெளியில் தளர்வு உண்டு. உங்கள் தெரு அந்த வகையில் வருகிறதா என்பதை மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் கேட்டு உறுதி செய்யுங்கள். பழைய வீடு அன்றைய விதிப்படி எழுந்தது. அதை இடித்துவிட்டால் இன்றைய விதிதான் பொருந்தும். குறுகிய தெருவில் இருக்கும் குறுகிய மனைக்கு, கணக்கில் வரும் 2,400 சதுர அடியும் கைக்கு வராமல் போகலாம்.

இத்துடன் இடிக்கும் செலவு, இடிபாடுகளை அகற்றும் செலவு, பக்கத்து வீட்டுச் சுவருக்குச் சேதம் வந்தால் அதற்கான பொறுப்பு, கட்டி முடிக்கும் வரை கிடைக்காத வாடகை, கடன் வட்டி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுபக்கம் பழுதுபார்ப்புச் செலவை வையுங்கள். இரண்டு மதிப்பீட்டையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதி வாங்கிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். சில வீடுகளுக்கு இடிப்பதே லாபம் என்று வரும். சில வீடுகளுக்கு அப்படி வராது.

பராமரிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே பாடம் உண்டு. புதுச்சேரி கடற்கரையில் இருந்த 19-ஆம் நூற்றாண்டு மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பிறகு உலக வங்கி உதவித் திட்டத்தில் அதே தோற்றத்தில் புதிதாகவே கட்ட வேண்டியதாயிற்று. சென்னை அண்ணா சாலையில் 1897-ல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிப்பதற்கு எதிரான வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2010-ல் முக்கியமான தீர்ப்பு வழங்கியது. நீதிபதி பத்மநாபன் குழுவின் பட்டியலில் இருந்த 467 கட்டடங்கள் காக்கப்பட வேண்டும் என்றது. இடிப்பு நின்றது. ஆனால் அந்தக் கட்டடம் புதுப்பிக்கப்படாமல் ஆண்டுக்கணக்கில் சிதைந்தபடியே நின்றது. தடை மட்டும் போதாது, பயன்பாடும் பணமும் சேர்ந்தால்தான் கட்டடம் பிழைக்கும் என்பதை இது காட்டுகிறது.

அதற்கு மாறான உதாரணம், சேப்பாக்கம் கலச மஹால். 2012 ஜனவரியில் தீயில் கடுமையாகச் சேதமடைந்த அதை, பொதுப்பணித் துறை பழைய முறையிலேயே சீரமைத்தது. இப்போது தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே இயங்குகிறது.

நடுவழி இருக்கா?

இருக்கிறது. முழுசா இடிப்பது, அப்படியே விடுவது என்ற இரண்டுக்கும் நடுவே சில வழிகள் உண்டு.

1. முன்பகுதியை வைத்துக்கொண்டு பின்பகுதியில் கட்டுவது. நீளமான மனைகளில் இது பொருந்தும். திண்ணையும் முதல் கட்டும் தெருவைப் பார்த்தபடி நிற்கும், பின்னால் தேவையான அறைகள் புதிதாக வரும். இதற்கும் வரைபட அனுமதி வேண்டும்.

2. பயன்பாட்டை மாற்றுவது. செட்டிநாட்டில் தேக்குத் தூணுக்காகவும் கதவுக்காகவும் பல வீடுகள் பிரிக்கப்பட்டன. அதே செட்டிநாட்டில் சில வீடுகள் தங்கும் விடுதிகளாக மாறி வருமானம் ஈட்டுகின்றன. கொடைக்கானலுக்கும் பழனிக்கும் போகும் வழியில் இருக்கும் திண்டுக்கல்லில், நல்ல நிலையில் உள்ள பழைய வீடு உணவகமாகவோ தங்குமிடமாகவோ மாற வாய்ப்பு உண்டு. பயன்பாட்டு மாற்றத்துக்கும் அனுமதி, தீயணைப்பு விதி, சொத்துவரி மாற்றம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

3. நவீனத்துவக் கட்டடங்களில் சேவைகளை மட்டும் புதுப்பிப்பது. மின் வயரிங், தண்ணீர்க் குழாய், கழிவறை, லிப்ட், சாய்தளம் ஆகியவற்றை மாற்றினாலே பல கட்டடங்கள் இன்றைய தேவைக்குப் பொருந்திவிடும். சிமென்ட் ஜாலியை அடைத்து ஏ.சி. போடும் முன் யோசியுங்கள். காற்று வரும் வழியை மூடினால் மின் கட்டணம்தான் கூடும்.

4. இடிப்பது உறுதி என்றால், பதிவு செய்துவிட்டு இடிப்பது. எல்லா அறைகளையும் படம் எடுங்கள். முகப்பு, மாடிப்படி, கதவு, தரை ஆகியவற்றைத் தனித்தனியாக எடுங்கள். ஒரு பொறியாளரைக் கொண்டு எளிய அளவு வரைபடம் போட்டு வையுங்கள். தேக்கு உத்தரம், நிலை, கதவு, பழைய செங்கல், ஓடு எல்லாவற்றையும் பிரித்து எடுத்து மறுபயன்பாட்டுக்குக் கொடுக்கலாம். இடிபாடுகளைக் குளத்திலோ ஓடையிலோ கொட்டக் கூடாது. மாநகராட்சி சொல்லும் இடத்தில்தான் கொட்ட வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால், தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022-ன்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் ஒப்புதலுடன் மறுகட்டுமானம் செய்யலாம். ஒப்புதல் கையெழுத்துப் போடும் முன், மாற்று வாடகை, புதிய வீட்டின் பரப்பு, முடிக்கும் காலம் ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பொதுக் கட்டடம் என்றால் நாம என்ன செய்யலாம்?

பழைய பள்ளி, மார்க்கெட், பேருந்து நிலையம், அலுவலகம் போன்றவை நம் எல்லோருடைய சொத்து. அவற்றை இடித்துக் கட்டும் திட்டம் வரும்போது கருத்துச் சொல்ல நமக்கு வழிகள் உண்டு.

நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம் 1971-ன்படி, முழுமைத் திட்ட வரைவு வெளியானதும் பொதுமக்கள் ஆட்சேபணையும் ஆலோசனையும் தெரிவிக்கக் குறைந்தது இரண்டு மாத கால அவகாசம் தர வேண்டும். 'இந்தத் தெருவில் இன்ன கட்டடம் பாதுகாக்கப்பட வேண்டும்' என்று சர்வே எண், படம், காரணத்துடன் எழுதிக் கொடுக்க ஏற்ற நேரம் அதுதான். டெண்டர் விட்ட பிறகு எதிர்ப்பதைவிட, திட்டம் வரைவாக இருக்கும்போது சொல்வது எளிது. வார்டு அளவில் பகுதி சபைக் கூட்டத்திலும் இதை எழுப்பலாம்.

ஒரு பொதுக் கட்டடம் 'பழுதடைந்தது' என்று அறிவிக்கப்பட்டால், எந்தப் பொறியாளரின் எந்த ஆய்வறிக்கையின்படி என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாட்களுக்குள் வர வேண்டும். அறிக்கை தெளிவாக ஆபத்து என்று சொன்னால், உடனே மக்களை அப்புறப்படுத்துவதற்கு நாமும் ஒத்துழைக்க வேண்டும். அறிக்கையே இல்லை என்றால், முதலில் ஆய்வு செய்யுங்கள் என்று கேட்பது நியாயம்.

போனில் செய்து முடிக்கக்கூடியவை

• பட்டா, நகர நில அளவைப் பதிவேடு: வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பார்க்கலாம். வீடு இன்னும் தாத்தா பெயரில் இருந்தால், வாரிசுகள் பெயருக்கு மாற்றிய பிறகே மேற்கொண்டு எதையும் தொடங்குங்கள்.

• வில்லங்கச் சான்று: பதிவுத் துறையின் டி.என்.ரெஜிநெட் தளத்தில் கிடைக்கும்.

• கட்டட அனுமதி: ஒற்றைச் சாளர இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில் 3,500 சதுர அடிக்கு மிகாத வீடு, தரைத்தளம் அல்லது அதனுடன் ஒரு மாடி என்றால், 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறையில் உடனடி அனுமதி பெறலாம். நினைவுச்சின்னத்தின் 300 மீட்டர் வளையத்துக்குள் இருந்தால், சுயசான்று தொல்லியல் அனுமதிக்கு மாற்று அல்ல.

• வாடகைதாரர் இருந்தால்: 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படிதான் காலி செய்யச் சொல்ல முடியும். மின்சாரத்தையோ தண்ணீரையோ துண்டித்து வெளியேற்றுவது சட்டவிரோதம்.

• புகார், கோரிக்கை: முதல்வரின் முகவரி உதவி எண் 1100. பக்கத்தில் ஆபத்தான நிலையில் ஒரு கட்டடம் நின்றால் படம், இடக்குறிப்புடன் மாநகராட்சிக்குத் தெரியப்படுத்துங்கள். அனுமதியின்றி ஒரு பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் அருகே கட்டுமானம் நடந்தாலும் தெரியப்படுத்துங்கள்.

திண்டுக்கல் 2014-ல் மாநகராட்சி ஆனது. இனி வரும் ஆண்டுகளில் புதிய கட்டடங்கள் நிறைய எழும், எழத்தான் வேண்டும். எல்லாப் பழைய கட்டடத்தையும் காக்க முடியாது, காக்கவும் தேவையில்லை. ஆனால் இடம், உறுதி, கணக்கு ஆகிய மூன்றையும் பார்த்த பிறகு எடுக்கும் முடிவு எதுவானாலும் அது உங்கள் குடும்பத்துக்கு நஷ்டமாகாது. உங்கள் பழைய வீட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தால், இந்த வாரமே இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள்: செயலியில் தூரத்தைப் பாருங்கள், விரிசலைப் படம் எடுத்து வையுங்கள். மற்றவற்றை அதற்குப் பிறகு பேசலாம்.